அறுபத்து நான்கு கட்டங்களும் ஒரு கொப்பியும்

தரம் 11இல் பெருக்கல் விருத்தி படிப்பிக்க வந்த அன்று எங்கள் கணித டீச்சர் சூத்திரம் எதையும் எழுதவில்லை. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கதை சொன்னார்.

இந்தியாவில் ஓர் அரசன். அவனுக்குச் சதுரங்க விளையாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் ஸிஸ்ஸா என்றொரு அறிஞர். மகிழ்ந்துபோன அரசன், வேண்டியதைக் கேள் என்றான். பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நான்கு, இப்படி 64 கட்டங்களுக்கும் இரட்டித்து இரட்டித்துத் தந்தால் போதும் என்றார் அறிஞர். இவ்வளவு பெரிய அரசனிடம் இவ்வளவு சின்னக் கேள்வியா என்று அரசனுக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு சாக்கு கோதுமையோடு காரியம் முடிந்துவிடும் என்று அவன் நினைத்தான்.

கதையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு டீச்சர் எழுந்து, அரசன் கொடுக்கவேண்டிய மணிகளின் தொகையைப் பலகையில் எழுதினார்.

18,446,744,073,709,551,615.

இருபது இலக்கங்கள். நம் வழக்கில் சொன்னால் ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடி. வகுப்பில் பாதிப் பேர் சிரித்தோம். நான் நம்பவே இல்லை. அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் எங்கேயிருந்து இத்தனை வரும்?

அது பெரும்போக அறுவடை முடிந்த நேரம். சம்மாந்துறை வட்டையில் மூத்தவாப்பா விட்டுப்போன காணித் துண்டிலிருந்து சாப்பாட்டு நெல் வந்து, மூடைகளாய் எங்கள் மண்டபத்தில் அடுக்கியிருந்தது. பின்னேரம் தம்பியின் சதுரங்கப் பலகையை எடுத்துக்கொண்டு போய் மூடைக்குப் பக்கத்தில் குந்தினேன். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களும் சுகமாக முடிந்தன. எட்டாம் கட்டத்தில் 128 மணிகள். வரிசை முழுவதும் 255. அள்ளிப் பார்த்தால் உள்ளங்கையின் குழி கூட நிறையவில்லை.

மூத்தம்மா அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தார்.

"என்ன மகள் செய்றாய்?"

"நெல்ல எண்ணுறன் மூத்தம்மா."

"நெல்ல எண்ணப்படாது புள்ள. எண்ணினா பறக்கத்துப் போயிரும்."

இது வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஆயிஷா நாயகி (ரழி) அவர்களிடம் கொஞ்சம் வாற்கோதுமை இருந்ததும், நெடுநாள் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டதும், ஒரு நாள் அளந்து பார்த்த பிறகு அது முடிந்துபோனதும் ஹதீஸில் வருகிறது. மூத்தம்மா அதை எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் நான் விடவில்லை. "இது டீச்சர் தந்த கணக்கு" என்றேன். படிப்பு என்று சொன்னால் மூத்தம்மா மறுபேச்சுப் பேசமாட்டார்.

இரண்டாவது வரிசையில் நாலாவது கட்டத்துக்கு 2,048 மணிகள் வேண்டும். கட்டத்தில் வைக்க இடமில்லை, எனக்கு எண்ணப் பொறுமையும் இல்லை. ஆயிரம் மணிகளைச் சரியாக எண்ணிச் சீலைத்துண்டில் முடிந்துகொண்டு பக்கத்துக் கடைக் காக்காவின் இலத்திரனியல் தராசில் வைத்தேன். 25 கிராம் காட்டியது. அதற்குப் பிறகு நெல்லுக்குப் பதில் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

முதல் வரிசை முடியும்போது 6 கிராம் சொச்சம். இரண்டு வரிசை முடியும்போது 65,535 மணிகள். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மூன்று வரிசைக்கு ஏறத்தாழ 420 கிலோ. இதுவரைக்கும் அரசன் நினைத்தது சரிதான். எங்கள் மண்டபத்து மூடைகளே ஏறக்குறையப் போதும். நான்காவது வரிசை முடியும்போது 4,294,967,295 மணிகள், 107 தொன். ஏக்கருக்கு 2 தொன் விளைந்தாலும் ஐம்பது ஏக்கருக்கு மேலான வயலின் முழு விளைச்சல். பாதிப் பலகை இவ்வளவுதான். ஒரு பெரிய போடியாரால் கூடச் சமாளித்துவிட முடியும்.

மற்றப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. பலகையின் பின்பாதி, முன்பாதியைப் போல இரண்டு மடங்கு அல்ல, நூறு மடங்கும் அல்ல. 4,294,967,296 மடங்கு. முழுப் பலகைக்கும் வேண்டிய நெல் ஏறத்தாழ 46,000 கோடி தொன். நமது நாடு முழுவதும் நல்ல வருடமொன்றில் 45 இலட்சம் தொன் நெல் விளைகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணியும் சாப்பிடாமல் ஒரு இலட்சம் வருடம் சேர்க்கவேண்டும். உலகம் முழுவதும் விளையும் நெல்லைக் கொட்டினாலும் ஏறத்தாழ அறுநூறு வருடம் எடுக்கும்.

நான் நம்பாமல் இருந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் அவர்களும் முதலில் நம்பவில்லையாம். பெரியோர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த தம் நூலில், சதுரங்கத்தில் பேர்போன அஸ்ஸூலி என்பவரைப் பற்றி எழுதுமிடத்தில் இதைச் சொல்கிறார். அலெக்ஸாந்திரியாவில் ஒரு கணக்காளரைச் சந்தித்த பிறகே அவருக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கிறது. அந்தக் கணக்காளர் செய்தது சின்ன வேலை. பதினாறாம் கட்டம் வரை மணிகளாகவே இரட்டித்தார், 32,768 வந்தது. இனி மணிகளை விடுவோம், இதை ஒரு கிண்ண அளவு என்று வைப்போம் என்றார். அங்கிருந்து கிண்ணங்களை இரட்டித்தார். கிண்ணம் பெருகியதும் அதைவிடப் பெரிய அளவைக்கு மாறினார். நாற்பதாம் கட்டத்தில் வந்த தொகையை ஒரு களஞ்சியம் என்றார். ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள் வந்தன. அதை ஒரு நகரம் என்றார். அறுபத்து நான்காம் கட்டத்தில் 16,384 நகரங்கள். உலகத்தில் அத்தனை நகரங்கள் ஏது?

இதை வாசித்தபோது எனக்கு மூத்தம்மாவின் குசினிதான் ஞாபகம் வந்தது. அரிசியைச் சுண்டால் அளந்து, சுண்டு கூடினால் கொத்தாக்கி, கொத்து கூடினால் மரைக்காலாக்கி, அதற்கும் மேலே மூடையாக்கித்தான் அவர் கணக்குச் சொல்வார். பெரிய எண்ணைத் தலையில் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. கையில் அடங்கும் ஓர் அளவாக அதை மாற்றிக்கொண்டே போகலாம்.

இப்னு கல்லிகானுக்கு முன்பே அல்பிரூனி அவர்கள் இந்த எண்ணைக் கணித்து எழுதிவிட்டார்கள். 973இல் குவாரிஸ்மில் பிறந்து, பிற்காலத்தில் சமஸ்கிருதம் கற்று இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அதே அல்பிரூனிதான். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் எழுதிய 'அல் ஆஸாறுல் பாகியா' என்ற நூலில் அவர்கள் காட்டிய வழி என்னை வியக்க வைத்தது. நான் 63 தடவை இரட்டித்து, நடுவில் இரண்டு இடத்தில் பிழைவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் எடுத்துச் செய்த வேலையை அவர்கள் நான்கே நான்கு பெருக்கல்களில் முடித்துவிட்டார்கள். 16ஐ 16ஆல் பெருக்கினால் 256. அதை அதனாலேயே பெருக்கினால் 65,536. மறுபடி அதை அதனாலேயே பெருக்கினால் 4,294,967,296. இன்னொரு தடவை பெருக்கினால் 18,446,744,073,709,551,616. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் அரசனின் கடன்.

ஏன் ஒன்றைக் கழிக்கவேண்டும்? பலகையின் எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும், அதற்கு முன்னாலுள்ள கட்டங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் அந்தக் கட்டத்தைவிட ஒன்று குறைவாகவே வரும். 1, 2, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 7. அடுத்த கட்டம் 8. எட்டையும் சேர்த்தால் 15, அடுத்தது 16. இப்படியே கடைசி வரை. அதாவது நீங்கள் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு புதுக் கட்டமும், அதுவரை கொடுத்தது அத்தனையையும் சேர்த்ததைவிடப் பெரியது. ஒரே ஒரு மணியால் என்றாலும் பெரியது. இந்த எண்ணைப் பற்றி நான் அறிந்தவற்றில் மறக்கமுடியாதது இதுதான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு பெரிய எண்ணை உடைக்க முடியுமா என்று அடுத்தாகப் பார்த்தேன். ஐந்தில் முடிகிறது, எனவே ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87. எனவே மூன்றாலும் வகுபடும். மற்றக் காரணிகள் நெல் வைத்த பலகையிலேயே கிடந்தன. முதலிரு கட்டங்களின் கூட்டுத்தொகை 3. முதல் நான்கு கட்டங்களுக்கு 15. ஒரு வரிசைக்கு 255. இரண்டு வரிசைக்கு 65,535. நான்கு வரிசைக்கு 4,294,967,295. இவை ஒவ்வொன்றும் முழுத் தொகையை மீதியில்லாமல் வகுக்கும். 3ஐ 5ஆல் பெருக்கினால் 15. அதை 17ஆல் பெருக்கினால் 255. அதை 257ஆல் பெருக்கினால் 65,535. அதை 65,537ஆல் பெருக்கினால் பாதிப் பலகை. அதை 4,294,967,297ஆல் பெருக்கினால் முழுப் பலகை.

3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்கள். பதினேழாம் நூற்றாண்டில் பெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை, அடுத்து வரும் 4,294,967,297உம் முதன்மை எண்ணாகத்தான் இருக்கும், இந்த ஒழுங்கு முடிவில்லாமல் தொடரும் என்று கருதினார். 1732இல் ஒயிலர் என்பவர் அது 641ஆல் வகுபடுகிறது என்று காட்டிவிட்டார். 641 × 6,700,417. வேண்டுமானால் நீங்களும் ஒரு கடதாசியில் பெருக்கிப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். ஆக, இருபது இலக்கமுள்ள அந்தப் பூதத்தின் உள்ளே இருப்பவை ஏழே ஏழு முதன்மை எண்கள்: 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417. அவற்றில் மூன்று தரம் ஆறுப் பிள்ளைக்கும் தெரிந்தவை.

நான் இதையெல்லாம் செய்துகொண்டிருந்த ஓர் இரவில்தான் உம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இனி எழுதுவதை உம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுது மகள், நாலு பேருக்கு உதவட்டும் என்றார்.

உம்மா கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மகள், நூற்றுக்குப் பத்து வட்டி, மாசத்துக்கு மாசம். கட்டாத வட்டியும் முதலோட சேரும். அறுபதினாயிரம் ஒம்பது மாசத்தில எவ்வளவாகும்?"

பாடப்புத்தகத்தில் வரும் கணக்கு என்றே நினைத்தேன். கூட்டு வட்டி நாங்கள் படித்ததுதானே. ஒவ்வொரு மாதத்தின் தொகையையும் கீழே கீழே எழுதிக்கொண்டு போனேன். ஏழாவது மாதத்தில் 1,16,900 ரூபாவைத் தாண்டியது. ஒன்பதாவது மாதத்தில் 1,41,000 ரூபாவுக்கும் மேல். விடையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். உம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன.

"அப்ப அந்த ஆள் சொன்னது சரிதான்" என்றார்.

முந்திய மாரியில் கூரை ஒழுகியது. வாப்பா கட்டாரில். அவருக்கு மூன்று மாதச் சம்பளம் வராமல் இருந்த நேரம். அவரைக் கவலைப்படுத்தக்கூடாதென்று உம்மா ஒருவரிடம் 60,000 ரூபா வாங்கியிருக்கிறார். வட்டி ஹராம் என்று தெரியாதவர் அல்ல. இரண்டு மாதத்தில் கொடுத்து முடித்துவிடலாம், யாருக்கும் தெரியவராது என்று எண்ணியிருக்கிறார். அலுமாரியில் ஒரு கொப்பி இருந்தது. முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும் அதில் கணக்கு எழுதியிருந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து வெறும் தாள்கள். "பார்க்கப் பயமா இருந்திச்சு மகள். எழுதாம விட்டுட்டன்."

நான் பலகையைப் பக்கத்தில் இழுத்தேன். மாதம் பத்து வீதம் என்றால் ஏழு மாதம் சொச்சத்துக்கு ஒரு தடவை கடன் இரட்டிக்கிறது. ஏழு மாதத்துக்கு ஒரு கட்டம். முதற் கட்டத்தில் 60,000. இரண்டாம் கட்டம் தாண்டி நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு வருடம் இப்படியே விட்டால் 5,90,000 ரூபா. ஒவ்வொரு புதுக் கட்டமும் முந்திய எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பெரியது என்று நான் நெல் மணியில் படித்தது, எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அந்த மனிதரின் கணக்கில் பிழையில்லை. கடன்தான் பிழை.

"நெல்லைத்தான் எண்ணப்படாது." மூத்தம்மா கதவடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "கடன எண்ணாம இருக்கப்படாது. குர்ஆனில ஆக நீளமான ஆயத்து எதைப் பற்றினது தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. சூறத்துல் பகறாவின் 282ஆவது ஆயத்து. எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். தவணை வைத்துக் கடன் கொடுத்தால், வாங்கினால், அதை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் ஆயத்து அது. சிறியதோ பெரியதோ, எழுதச் சோம்பக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆல இம்றான் சூறாவில் இரட்டித்துப் பெருகும் வட்டியை உண்ணாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருப்பதையும் மூத்தம்மா சொன்னார். இரட்டிப்பு என்ற சொல்லை அன்றைக்குத்தான் நான் உண்மையாக விளங்கிக்கொண்டேன்.

அன்றிரவே உம்மா வாப்பாவுக்கு அழைப்பெடுத்தார். வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "எவ்வளவு?" உம்மாவின் கையில் நான் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. மாதம் மாதமாக, வரி வரியாக. உம்மா தடுமாறாமல் வாசித்தார். மறு கிழமை உம்மாவின் இரண்டு காப்புகள் விற்பனையாகின. மாமா அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போய் அந்த மனிதரோடு பேசினார். முதலையும், பேசித் தீர்த்த ஒரு தொகையையும் கொடுத்து, பற்றுச்சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். காப்புகள் போனதற்கு உம்மா அழவில்லை. அன்று அவர் தொழுகைப் பாயில் நெடுநேரம் இருந்தார்.

இப்போது நான் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறேன். பெரிய எண்கள் என்றால் முன்பு போலப் பயமில்லை. அந்த இருபது இலக்க எண்ணை எங்கு கண்டாலும், அதற்குள்ளே 3உம் 5உம் 17உம் இருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. நாம் பாவிக்கும் கணினிகளிலும் கைபேசிகளிலும் 64 இடங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுவேதான் என்று அண்மையில் படித்தேன். அரசனை முழிக்க வைத்த எண் என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சகோதரிகளே, வீட்டில் யாராவது மெதுவாக ஒரு கணக்குக் கேட்டால், விடையை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிவிடாதீர்கள். நிமிர்ந்து அவர்களுடைய முகத்தையும் பாருங்கள். தாய்மாரே, எழுதாமல் விட்ட பக்கங்கள் உங்கள் அலுமாரியிலும் இருந்தால் பிள்ளையிடம் கொடுங்கள். நாங்கள் கூட்டு வட்டி படித்திருக்கிறோம்.

எங்கள் வீட்டுக் கொப்பி இன்னும் இருக்கிறது. வெறுமையாய்க் கிடந்த தாள்களை நானும் உம்மாவும் உட்கார்ந்து நிரப்பினோம். கடைசி வரியில் திகதியும் ஒரு பூச்சியமும் இருக்கின்றன. எண்ணிய நெல்லை மூத்தம்மா அன்றே பிஸ்மில்லாஹ் சொல்லி மூடைக்குள் கொட்டிவிட்டார். அவர் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த போகம் வரைக்கும் அந்த நெல் எங்களுக்குப் போதுமாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.